குளவிக்குப் பயந்து நடந்தேன்

மாத்தளை டவுனில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், இரண்டு பேர் உள்ளே வந்தால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய அளவு இடம். அவர் மெஷினைப் பார்த்துக்கொள்வார். நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து விண்ணப்பங்களும் கல்யாண அழைப்பிதழ்களும் டைப் அடிப்பேன், தமிழிலும் சிங்களத்திலும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழும்புவேன். என் மேல் இருந்த அன்பில் அவர் எல்லாவற்றையும் எனக்குக் கை எட்டும் தூரத்தில் அடுக்கி வைத்திருந்தார். பேப்பர் கட்டு, ஸ்டேப்ளர், தண்ணீர்ப் போத்தல். பத்து மணிக்கு ரோல்ஸ் வரும், நாலு மணிக்கு மீன் அடைத்த மாளு பாணும் பால் தேத்தண்ணியும் வரும். "நீ எழும்பாத, நான் எடுத்துத் தர்றேன்" என்பது அவர் ஒரு நாளில் பல தடவை சொல்கிற வார்த்தை.

அப்படி எழும்பாமலே பத்துப் பதினைந்து வருடங்கள் போயிருந்தன. நாற்பதைத் தாண்டியபோது என் எடை எண்பதையும் தாண்டியிருந்தது. அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் உடம்பு போடுவது நல்லபடியாக வாழ்கிறோம் என்பதற்கு அடையாளம். கோயிலில் பார்க்கிறவர்கள், "நல்லா இருக்கீங்க, டவுன் தண்ணி ஒத்துக்கிருச்சு" என்பார்கள். நான் பிறந்தது எல்கடுவக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்றில். ஒட்டிய வயிறும் குச்சிக் கைகளுமாகத்தான் சின்ன வயதில் எங்களை எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தப் பாராட்டை நானும் மறுக்கவில்லை.

என் தங்கச்சி இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் நத்தாருக்கும் வந்து போவான். என்னைவிட ஆறு வயது இளையவள், என் உடம்பில் பாதிதான் இருப்பாள். பாரத்தோடு சரிவில் ஏறும்போது பாட்டு முணுமுணுக்கிறவள்.

எங்கள் அம்மாவைத் தோட்டத்து மயானத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். வருடா வருடம் கார்த்திகையில் கல்லறைத் திருநாளுக்கு நான் போவேன். தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாக் குடும்பமும் மலையேறி, கல்லறைகளில் புல் செருக்கி, மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லிவிட்டு, பகலுக்குப் பிறகு வருகிற மழைக்கு முன்னால் இறங்கிவிடுவோம்.

அந்த வருடம் ஏறும்போதே எனக்கு முடியவில்லை. வாயால் மூச்சு வாங்கினேன். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. அது வெளியே தெரியக்கூடாதென்று, கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தடவை நின்று, "அங்க பாரு, டவுன் தெரியுது", "அந்த லயத்துக்குப் புதுத் தகரம் போட்டிருக்காங்க போல" என்று எதையாவது காட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி கையில் புல்லுக்கத்தியும் தோளில் ஒரு உரச்சாக்குமாக முன்னால் போனாள். வெட்டிய புல்லை ஆட்டுக்கு அள்ளிக்கொண்டு போகத்தான் சாக்கு. நான் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்று, நான் காட்டிய திசையைப் பொறுமையாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மாவின் கல்லறையைச் செருக்கி முடித்து, நான் மெழுகுதிரியைப் பற்றவைத்துக் கையில் வைத்திருந்தேன். காற்றுக்கு அது அணைந்து அணைந்து போனது. மயானத்தின் மேல் பக்கத்தில் ஒரு பெரிய மரம். அதன் உச்சியில் கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பருந்து அடித்ததா, கீழே யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பின் புகை போனதா, இன்றுவரை சரியாகத் தெரியாது. முதலில் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஏறி வருவதுபோல. பிறகு ஒரு பொம்பளையின் குரல்.

"குளவீ! குளவி கலைஞ்சிருச்சு! ஓடுங்க!"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. குளவி கொட்டிச் செத்தவர்கள் எல்லா டிவிஷனிலும் உண்டு. கூட்டம் மொத்தமாகக் கீழே பாய்ந்தது. கத்திகள், செபப் புத்தகங்கள், செருப்புகள் எல்லாம் புல்லில் கிடந்தன. நானும் ஓட நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் கால்கள் இரண்டும் மண்ணில் புதைத்தவைபோல இருந்தன. தொடைகள் பாரமாக, சேலை பாரமாக, உடம்பு முழுக்க ஒரு மூட்டைபோல என் மேலேயே கிடந்தது. காதருகில் ஒன்று வந்து சுற்றியது. கழுத்தில் கொட்டியது. நெருப்பை ஒட்டவைத்தது மாதிரி.

எல்லாரும் போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது தங்கச்சி மேலே ஏறி ஓடி வந்தாள். எல்லாரும் இறங்குகிற வழியில் அவள் மட்டும் ஏறினாள். வந்த வேகத்தில் என்னைத் தோளில் பிடித்துக் குப்புறத் தள்ளினாள். முகம் புல்லில் பட்டது. உரச்சாக்கை என் தலைக்கும் கழுத்துக்கும் மேல் இழுத்துப் போட்டாள். பிறகு என் முதுகின் மேல் படுத்துக்கொண்டாள்.

"அசையாதக்கா. கத்தாத. மாதாவே, மாதாவே. அசையாத."

சாக்குக்குள் இருட்டாக இருந்தது. பச்சைப் புல் வாசனையும் உர வாசனையும் மூக்கில் ஏறியது. அவள் பாரம் என் மேல் தெரியவே இல்லை, ஒரு போர்வைபோல. ஆனால் கொட்டு விழும் ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பு வெட்டி இழுத்ததை என் முதுகில் உணர்ந்தேன். முதலில் ஒவ்வொன்றுக்கும் "மாதாவே" என்றாள். பிறகு சத்தம் இல்லாமல் துடித்தாள். பிறகு துடிக்கவும் இல்லை. சாக்குக்குள் கண்ணை மூடிக்கொண்டு, அவள் இன்னொரு தடவை துடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்தப் பயத்தை இதற்குமுன் நான் அறிந்ததில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆம்பளைகள் சிலர் சாக்கைப் போர்த்திக்கொண்டு, பச்சை இலையைப் புகைய விட்டபடி மேலே வந்து எங்களைப் பிரித்தார்கள். தங்கச்சியின் முகம் அவள் முகமாக இல்லை. உதடு தடித்து, கண் மூடி, கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மூச்சு விசில்போல வந்தது. ஒரு போர்வையில் அவளைப் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே ரோட்டில் கொழுந்து லொறி நிற்கிறது, அதில் ஏற்றிவிடலாம் என்றார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஓட்டமா அது? உருண்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நான்கு பேரும் பாரத்தோடு போகிறார்கள், நான் வெறுங்கையோடு, அவர்களை எட்ட முடியவில்லை. முதல் வளைவில் அவர்களைப் பார்த்தேன். இரண்டாவது வளைவில் போர்வையின் நுனி தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன், திரும்ப எழும்பினேன், திரும்ப உட்கார்ந்தேன். நான் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது லொறி போயிருந்தது.

"ஒங்களுக்காக நிக்க முடியல டீச்சரம்மா, மூச்சு இழுக்குது அவவுக்கு" என்றார் அங்கே நின்ற ஒரு வயதானவர். நான் டீச்சர் இல்லை. டவுனில் கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர்தான்.

ஓர் ஆட்டோவைப் பிடித்து இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும், வந்துகொண்டிருக்கிற வாகனங்களில் அந்த லொறி திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். அது வேகமில்லாமல் திரும்பி வந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். ஆட்டோக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டார். என் கழுத்தில் கொட்டியிருந்த இடம் எரிந்தது. அதை நான் தொடவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்கு ஊசி போட்டிருந்தார்கள். மூக்கிலும் வாயிலும் ஒட்சிசன் மூடி. என்னை வாசலில் நிறுத்தினார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, வார்டு கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியே அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதத்தில் இன்னும் மயானத்து மண். அந்தக் கால் விரல் ஒரு தடவை அசைந்தது. அங்கேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகு எழும்ப முடியவில்லை. ஒரு நர்ஸ் மிஸியும் கூட்டுகிற பொம்பளையும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள்.

டொக்டர் சின்ன வயது, சிங்களப் பெண். "பய வென்ன எபா" என்றாள், பயப்படாதே என்று. பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். கையோடு பிரஷரும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெஷின் சரியில்லையோ என்று வேறொன்றை எடுத்துவரச் சொல்லித் திரும்பவும் பார்த்தாள். விரலில் குத்திச் சீனியும் பார்த்தாள்.

"உங்கள் தங்கச்சி இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவாள்" என்று சிங்களத்தில் சொன்னாள். "உங்களைத்தான் வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது."

இன்னொன்றும் சொன்னாள். ஒரு தடவை குளவி விஷம் உடம்புக்கு இப்படி ஒத்துக்கொள்ளாமல் போனால், அடுத்த தடவை கொட்டும்போது இதைவிட மோசமாகலாம். ஒன்றிரண்டு கொட்டே போதும். குளவி இருக்கிற பக்கம் தங்கச்சி போகாமல் இருப்பது நல்லது. நான் தலையாட்டினேன். தங்கச்சியின் வேலை எங்கே என்று அந்த டொக்டர் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் பிழைத்து வந்தாள். வீக்கம் வடிய நாளெடுத்தது. எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒருநாள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பரவால்லக்கா, ஒரு வாரமாவது ஒன்ன மாதிரி கொழுகொழுன்னு இருந்தேன்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு தேறியதும் லயத்துக்குப் போனாள். பிறகு கொழுந்து பறிக்க மலைக்கும் போனாள். "வேற என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டாள்.

நான் நடக்க ஆரம்பித்தது அப்போதுதான். அழகாக வேண்டும் என்றோ, பழைய சட்டை போட வேண்டும் என்றோ இல்லை. இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டும். ஓட முடியாத என்னைத் தூக்க அவள் திரும்பி வரக்கூடாது. அது ஒன்றுதான் மனதில் இருந்தது.

வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மைதானம். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அவரும் நானும் போவோம். முதல் நாள் அரைச் சுற்றில் என் இதயம் அடித்த அடியில், இதோ இந்தப் புல்லில் விழுந்து சாகப் போகிறேன் என்று நம்பினேன். மதில் ஓரத்தில் உட்கார்ந்து கழுத்து நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அது விரலுக்கடியில் எலிக்குஞ்சுபோல ஓடியது.

"போதும், வா, போவோம். நாளைக்குப் பார்ப்போம்" என்றார் அவர்.

"நாளைக்கு நான் இருக்கணுமே."

"என்ன பேச்சு பேசுற நீ?"

அவருக்குக் கோபம் வந்தது. அவருக்கும் பயம் என்று பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து நான் நடக்கும்போது அவர் பக்கத்திலேயே, பாதி அடி பின்னால் நடந்தார், விழுந்தால் பிடிக்கிறவர்போல. கேள்வி கேட்டுக்கொண்டே வருவார். நான் பதில் சொல்கிறேனா என்று பார்க்கத்தான்.

பயத்தோடு நடக்கிறவளுக்கு எல்லாமே பயம் காட்டும். மைதானத்து நாய்கள். மதகில் உட்கார்ந்து என் நடையைப் பார்த்துச் சிரிக்கிற பொடியன்கள். ஓரத்தில் பூத்திருந்த மஞ்சள் பூச்செடி, அதில் சுற்றுகிற தேனீ. அந்த மூலை வரும்போது நான் மைதானத்தின் நடுவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவேன். ஒருநாள் இடது கையில் வலி எடுத்தது. தோளிலிருந்து முழங்கை வரை. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆட்டோவில் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். நான் செபமாலையை முறுக்கிக்கொண்டு கிடந்தேன். டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். யோசித்தேன். அன்றைக்குக் காலையில் தேங்காய் துருவியிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளுக்காக நிறையத் துருவியிருந்தேன்.

வெளியே வந்து அவரிடம் சொன்னபோது, அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடையில் என் கதிரையைத் தவிர எல்லாவற்றையும் அவர் இடம் மாற்றினார். தண்ணீர்ப் போத்தல் எதிர்ச் சுவர்த் தட்டுக்குப் போனது. மாளு பாண் நின்றது. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகில் சுட்ட குரக்கன் ரொட்டி, காலையில் வல்லாரைக் கஞ்சி. பசி ஒரு பக்கம் இருந்தது. ஆனால் எனக்குப் பசியைவிடப் பயம் பெரிதாக இருந்ததால், சாப்பாட்டை விடுவது மற்றவர்கள் சொல்கிற அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

மாசி, பங்குனி வெயிலில் உடம்பு இறங்கத் தொடங்கியது. சட்டை தோளில் தளர்ந்தது. வளையல் முழங்கைவரை ஏறியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தி மெலிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடைக்கு வந்த சிங்கள அம்மா ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "சனீப நெத்த, துவே?" என்றாள், சுகமில்லையா மகளே என்று. கோயில் வாசலில் ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள்.

"மொகம் வத்திப் போச்சே புள்ள. எதையும் மறைக்காத. ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாரு. எங்க சித்தியும் இப்படித்தான் மொதல்ல மெலிஞ்சாங்க."

சித்தி என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. அன்றிலிருந்து இன்னொரு பயம் சேர்ந்தது. இது நடையால் குறைகிறதா, இல்லை உள்ளே ஏதாவது தின்கிறதா? மருந்துக் கடைத் தராசில் ஏறிப் பார்ப்பேன். குறையாவிட்டால் பயம், குறைந்தால் அதைவிடப் பயம். குளிக்கும்போது உடம்பெல்லாம் அழுத்திப் பார்த்து, கட்டி ஏதும் இருக்கிறதா என்று தேடுவேன். கடைசியில் அவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லா டெஸ்டும் எடுக்கவைத்தார். ஒன்றும் இல்லை. சீனி இறங்கியிருந்தது, பிரஷரும் இறங்கியிருந்தது. "இப்படியே நடங்க" என்றார்கள்.

இதற்கிடையில் தினமும் பின்னேரம் வரை எனக்கு மனது ஓர் இடத்தில் இருக்காது. அது தங்கச்சி மலையில் நிற்கிற நேரம். மேல் மலையில் சிக்னல் இல்லை. போன் அடித்தாலே நெஞ்சு குலுங்கும், அடிக்காவிட்டாலும் குலுங்கும்.

ஆடி மாதக் காற்றுக்காலத்தில் ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் நான் எங்கும் நிற்கவில்லை. எதையும் கைகாட்டவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி கையைத் தட்டினாள்.

"அக்கா! நீ பள்ளிக்கூடம் போன காலத்துல ஏறுன மாதிரி ஏறி வர்றியே!"

உண்மையில் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வருடத்தில் பயம் கலக்காமல் வந்த ஒரே சந்தோஷம் என்று சொல்லலாம். சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் விறகு பொறுக்கத் தேயிலை ரோட்டில் போனோம். பேசிக்கொண்டே ஒரு வளைவுக்கு வந்தோம்.

சத்தம் கேட்டது.

தங்கச்சி விறகைக் கீழே போட்டதும் ஓடியதும் ஒன்றாக நடந்தது. அவள் பாவாடையை அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்த வழியே பறந்தாள். நான் நின்றேன். பல மாதங்களாக இந்த ஒரு நிமிடத்துக்காக நடந்திருக்கிறேன். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, தொடை பாரமாக இல்லை. ஆனாலும் நின்றேன். மண்ணில் புதைத்தவள்போல, கையில் விறகோடு, சத்தம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா! வாக்கா! அக்கா!"

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனிதர் வந்தார். தோளில் புல் வெட்டுகிற மெஷின். எங்களைப் பார்த்ததும் அதை நிறுத்தினார். சத்தமும் நின்றது.

"என்னம்மா, ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டார்.

தங்கச்சி திரும்பி வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது. அவளுக்கும் தினமும் பயம்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் கூடையை மாட்டும்போது மரங்களை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மலைக்குள் இறங்குகிறாளாம். மெஷின்காரர் மெஷினைத் தோள் மாற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன் ஓட முடியல தங்கச்சி? ஒடம்புதான் கொறஞ்சிருச்சே."

அவள் மூக்கைத் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"அன்னைக்கும் நீ ஓடலக்கா."

"ஓட முடியல. அந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எப்படி ஓடுறது?"

"இல்லக்கா. நீ ஓடப் பாக்கவே இல்ல. ஒரு அடி எடுத்து வைக்கல. நான் பாதி வழி போய்த் திரும்பிப் பாத்தேன். மெழுகுதிரிய கையில வச்சிக்கிட்டு அப்படியே நிக்கிற. ஒன்னவிட மொத்தமான பெரியம்மா எல்லாம் எனக்கு முன்னாடி ஓடிட்டாங்க."

"இத ஏன் நீ இவ்வளவு நாளும் சொல்லல?"

"நீ நடக்க ஆரம்பிச்சிட்டேன்னு மச்சான் போன்ல சொன்னாரு. பிரஷர் கொறையுதுன்னு சொன்னாரு. நான் எதுக்குச் சொல்லி அதைக் கெடுக்கணும்?"

அன்று பஸ்ஸில் இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு மாதிரி வெறுமையாக இருந்தது. உடம்புதான் குற்றவாளி என்று நினைத்து அதைப் பல மாதங்களாக வாட்டியிருக்கிறேன். அது பாவம், லொறியைத் தவறவிட்டதற்கு மட்டும்தான் பொறுப்பு. அந்த மயானத்தில் என்னை நிறுத்தியது வேறு ஏதோ. அது குரக்கன் ரொட்டியால் கரையாது.

அதன் பிறகு நடையை விட்டுவிட்டேன். எதற்கு நடப்பது? அவர் சாயங்காலம் நான் நடக்கப் போடுகிற சப்பாத்தை எடுத்து வாசலில் வைப்பார். நான் தலைவலி என்பேன். மாளு பாண் ஒருநாள் வந்தது, மறுநாளும் வந்தது. அவர் வாங்கிக்கொண்டு வரவில்லை. நானேதான் எழும்பிப் போய் வாங்கினேன்.

சில வாரங்கள் கழித்துத் தங்கச்சி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் வந்தாள். அன்றிரவு எங்கள் வீட்டில் தங்குவதாக இருந்தது. சாயங்காலம் வாசலில் கிடந்த என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "எங்க நடப்பீங்க? எனக்கும் காட்டு" என்றாள். மறுக்க முடியவில்லை. மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சுற்று வந்தோம். இரண்டாவது சுற்று தொடங்கியதும் நின்றுவிட்டாள்.

"இப்ப எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. திரும்பவும் சுத்தி வரணும்."

"வந்து?"

"திரும்பவும் சுத்தணும்."

"பைத்தியமாக்கா ஒனக்கு? கூடையும் இல்ல, கொழுந்தும் இல்ல, சும்மா சுத்துறதா?" அவள் சிரித்த சிரிப்பில் மதகில் இருந்த பொடியன்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தாள். "ஓட வரலன்னா ஓட வேணாங்க்கா. விழுந்து படுக்கத் தெரியுமா?"

"என்னது?"

"சத்தம் கேட்டா அப்படியே குப்புற விழு. முந்தானையோ துப்பட்டாவோ, தலைக்கு மேல இழு. அசையாத. அது போதும். ஓடுறதுக்குத்தானே யோசிக்கணும், விழுறதுக்கு என்ன? எங்க, விழு பாப்போம்."

நான் சுற்றிலும் பார்த்தேன். நாற்பது தாண்டிய பொம்பளை, போட்டோ கொப்பிக் கடைக்காரி, பொது மைதானத்தில். தங்கச்சி காத்திருக்கவில்லை. "குளவீ!" என்று கத்தினாள். என் நெஞ்சு ஒரு தடவை நின்று அடித்தது. கால் அங்கேயே நின்றது. "விழுக்கா!" என்று தோளில் ஓர் அடி போட்டாள். விழுந்தேன். முழங்கால், கை, முகம் என்று விழுந்து துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். புல் வாசனை மூக்கில் ஏறியதும் அந்த நாள் முழுவதும் என் மேல் வந்து படுத்தது. அவள் பக்கத்தில் குந்தி முதுகில் கை வைத்திருந்தாள்.

"சரி. எழும்பு இப்ப."

கையை ஊன்றி எழும்பினேன். யாரும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரி நிலத்தில் என்னைத் தூக்கிய அந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டேன்.

"திரும்பவும்" என்றாள் தங்கச்சி.

அன்று இருட்டும்வரை விழுந்து எழும்பினோம். அவரும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கிட்ட வரவில்லை. மறுநாள் உடம்பெல்லாம் அப்படி வலித்தது, மைதானத்தை எத்தனை தடவை சுற்றினாலும் வராத வலி.

இப்போது திரும்பவும் நடக்கிறேன். எடை ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. மெலிந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், முந்தின மாதிரியும் இல்லை. தங்கச்சியைக் கொஞ்ச காலம் தேயிலை பெக்டரியில் இலை பொறுக்கப் போட்டார்கள். அங்கே வேலை குறைந்ததும் திரும்ப மலைக்கே அனுப்பிவிட்டார்கள். பயம் போகவில்லை. மஞ்சள் பூச்செடி மூலையில் இன்னும் நான் சுற்றித்தான் போகிறேன். பின்னேரம் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்து சிக்னல் இருக்கிற ரோட்டுக்கு இறங்கியதும் அவள் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவாள். ஒரு ரிங், உடனே வெட்டிவிடுவாள். கடையில் யார் நின்றாலும் போனை எடுத்துப் பார்த்துவிடுவேன். சில நாட்களில் அது பிந்தும். அப்போது டைப் அடிக்கிற கடிதத்தில் எழுத்துகள் தவறும், என் வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். அது வந்ததும் இரண்டு பேரும் கடையை அடைக்கத் தொடங்குவோம். நான் மேசைக்கடியில் குனிந்து சப்பாத்தை எடுத்துக் காலில் மாட்டுவேன்.